முதலில் வீதி, பிறகு வீடு

பெங்களூருவின் பழைய பகுதியில் இரண்டு வீதிகள் சந்திக்கும் ஓர் இடம் உண்டு. ஒன்று சிக்கபேட்டை வீதி. மற்றொன்று தொட்டபேட்டை வீதி. தொட்டபேட்டை வீதியை இப்போது அவென்யூ ரோடு என்கிறார்கள். இரு பக்கமும் கடைகள். நடுவில் ஆட்டோ, ஸ்கூட்டர், தள்ளுவண்டி, தலைச்சுமைக்காரர்கள். ஒருவர் தோள் மற்றவர் மேல் படாமல் அங்கே நடக்க முடியாது.

அந்த இடத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். 1537-ஆம் ஆண்டில் கெம்பேகவுடா என்ற தலைவர் இந்த ஊரை உண்டாக்கினார். நல்ல நாள் பார்த்து நான்கு ஏர்களைப் பூட்டச் சொன்னார். இந்த இடத்திலிருந்து நான்கு திசையிலும் ஓட்டச் சொன்னார். ஏர் போன தடம் வீதி ஆயிற்று. அதன் பிறகுதான் வீதியின் இரு பக்கமும் வீடுகளும் கடைகளும் வந்தன. அரிசி விற்பவர்களுக்கு அக்கிபேட்டை. பஞ்சு விற்பவர்களுக்கு அரளேபேட்டை. குயவர்களுக்குக் கும்பாரபேட்டை.

ஏர் ஓட்டியது கதையாக இருக்கலாம். ஆனால் கதையில் ஒரு செய்தி இருக்கிறது. முதலில் வீதி போட்டார்கள். பிறகு வீடு கட்டினார்கள்.

ஊரைச் சுற்றி நான்கு காவல் கோபுரங்களும் இருக்கின்றன. ஒன்று லால்பாக் பாறையின் மேல். ஒன்று அல்சூர் ஏரிப் பக்கம். ஒன்று கெம்பாம்புதி ஏரிக் கரையில். ஒன்று மேக்ரி சர்க்கிள் அருகில். ஊரின் எல்லை இதுதான் என்று காட்டவே இவற்றைக் கட்டினார்கள் என்று மக்கள் சொல்வதுண்டு. இன்று அந்த நான்கு கோபுரங்களும் ஊரின் நடுவில் நிற்கின்றன.

ஊர் எப்படி வளர்ந்தது?

1898-இல் பெங்களூருவில் பிளேக் நோய் பரவியது. பேட்டைகளில் வீடுகள் நெருக்கமாக இருந்தன. காற்று இல்லை, வெளிச்சம் இல்லை. பலர் இறந்தார்கள். அதன் பிறகு அரசு இரண்டு புதிய பகுதிகளை உண்டாக்கியது. பசவனகுடி, மல்லேஸ்வரம் என்று அவற்றுக்குப் பெயர். நேரான தெருக்கள் போட்டார்கள். வீடுகளின் பின்புறம் துப்புரவுக்கென்று தனிச் சந்து விட்டார்கள். அதன் பின் மனை பிரித்துக் கொடுத்தார்கள். இங்கேயும் முதலில் வீதி, பிறகு வீடு.

பிறகு பெரிய தொழிற்சாலைகள் வந்தன. 1940-இல் விமானத் தொழிற்சாலை வந்தது. நாடு விடுதலை பெற்ற பின் தொலைபேசித் தொழிற்சாலை, கைக்கடிகாரமும் இயந்திரமும் செய்யும் தொழிற்சாலை, மின்னணுப் பொருள் தொழிற்சாலை என்று பல வந்தன. இவை அரசு நடத்திய ஆலைகள். பல ஆலைகள் தொழிலாளிகளுக்குக் குடியிருப்பும் கட்டின. காலையில் கம்பெனி பஸ் வரும். ஏறிப் போவார்கள். மாலையில் அதே பஸ்ஸில் திரும்புவார்கள். தர்மபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் வேலை தேடிப் போன தமிழர்கள் பலர் இந்த நகரத்தில்தான் குடியேறினார்கள்.

1990-களில் கணினித் தொழில் பெருகியது. அத்துடன் ஊர் ஓடத் தொடங்கியது.

கணக்கைப் பாருங்கள். 1901-இல் பெங்களூருவின் மக்கள் தொகை சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம். 1951-இல் ஏறக்குறைய 8 லட்சம். 1991-இல் 41 லட்சம். 2011-இல் 84 லட்சத்துக்கும் மேல். கடைசி இருபது ஆண்டுகளில் மட்டும் ஊர் இரு மடங்கு ஆகிவிட்டது.

ஆட்கள் வந்தால் வீடு வேண்டும். வீட்டுக்கு மனை வேண்டும். மனை எங்கே இருந்தது? பக்கத்துக் கிராமங்களின் வயலிலும் தோப்பிலும் இருந்தது.

சைட் வந்த கதை

பெங்களூருவில் வீட்டு மனையை 'சைட்' என்றுதான் சொல்வார்கள். முப்பதுக்கு நாற்பது என்பது பலருக்கும் மனப்பாடம். அகலம் 30 அடி, நீளம் 40 அடி. ஒரு தொழிலாளியின் வாழ்நாள் சேமிப்பு அந்த 1,200 சதுர அடியில் அடங்கிவிடும்.

சட்டப்படி மனை பிரிக்க ஒரு முறை உண்டு. விவசாய நிலத்தை வீட்டு நிலமாக மாற்ற அதிகாரியின் உத்தரவு வாங்க வேண்டும். வரைபடத்துக்கு அனுமதி வாங்க வேண்டும். சாலைக்கும் பூங்காவுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். இதற்குப் பணமும் நாளும் ஆகும். பல இடங்களில் இந்த முறையைப் பின்பற்றவில்லை. ஒரு தரகர் ஓர் ஏக்கர் நிலத்தை வாங்கினார். கல் நட்டார். சுண்ணாம்புக் கோடு போட்டார். மனையாக விற்றார். இப்படி உண்டானவற்றை 'ரெவின்யூ சைட்' என்று அழைத்தார்கள். விலை குறைவு. அதனால் ஏழைகளும் நடுத்தர மக்களும் வாங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அனுமதி உள்ள மனையின் விலை அவர்கள் கைக்கு எட்டவில்லை.

விளைவு என்ன? தெரு 15 அடி, 20 அடி. ஒரு தெரு அடுத்த தெருவோடு சேராது. ஏனென்றால் அடுத்த நிலத்தை வேறொரு தரகர் விற்றார். பஸ் உள்ளே நுழைய முடியாது. தீயணைப்பு வண்டி திரும்ப முடியாது. ஆயிரம் வீடுகள் வந்த பிறகும் வெளியே போக ஒரே வழி. அது முன்பு மாட்டு வண்டி போன கிராமத்துப் பாதை. அந்தப் பாதையில் இப்போது பள்ளி வேன், தண்ணீர் லாரி, செங்கல் லாரி, கார், ஸ்கூட்டர் எல்லாம் போகின்றன.

நிலத்தை விற்ற விவசாயிகளில் சிலர் நன்றாக வாழ்கிறார்கள். வாடகை வீடுகள் கட்டினார்கள். ஆனால் அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவர்களுக்கு விற்க ஒன்றும் இல்லை. அவர்கள் கொத்து வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போனார்கள். மனையின் விலை உயர்ந்தபோது வாடகையும் உயர்ந்தது. வாடகை கொடுக்க முடியாதவர்கள் இன்னும் தள்ளிப் போனார்கள். நகரம் பரவுவது என்பது மேலே இருந்து பார்த்தால் வரைபடத்தில் ஒரு கறை விரிவது போல் தெரியும். கீழே இருந்து பார்த்தால், வேலைக்குப் போகும் தூரம் ஆண்டுக்கு ஆண்டு கூடுவதாகத் தெரியும்.

2007-இல் அரசு ஒரு பெரிய மாற்றம் செய்தது. சுற்றியிருந்த 7 நகரசபைகள், 1 பேரூர் சபை, 110 கிராமங்கள் ஆகியவை பெங்களூரு மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. கிராமத்தார் மாநகர வரி கட்டத் தொடங்கினார்கள். ஆனால் காவிரிக் குடிநீர்? அந்த 110 கிராமங்களை மனதில் வைத்துப் போட்ட காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. இடையில் 17 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் ஆழ்குழாய்க் கிணறும் தண்ணீர் லாரியும்தான் துணை. தெருவை அடைத்து நின்ற லாரிகளில் பல, தண்ணீர் லாரிகளே. குழாய் வராததும் நெரிசலுக்கு ஒரு காரணம் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஏரிகளின் கதையும் இதுதான். மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்கும் இடம் முன்பு தர்மாம்புதி ஏரி. கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. ஓர் ஏரி நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த ஏரிக்குப் போகும். அந்தக் கால்வாய்களை ராஜகாலுவே என்பார்கள். பல கால்வாய்களின் மேல் கட்டடங்கள் எழுந்தன. 2022 செப்டம்பரில் கனமழை பெய்தது. கணினி அலுவலகங்கள் நிறைந்த வெளிவட்டச் சாலைப் பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. பெரிய சம்பளக்காரர்களும் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனார்கள். தண்ணீர் தன் பழைய வழியை மறக்கவில்லை.

காலை எட்டு மணி

ஓசூர் சாலையில் பொம்மனஹள்ளி என்று ஓர் இடம். அங்கே துணி தைக்கும் ஆலைகள் உண்டு. 'கார்மென்ட்ஸ்' என்பார்கள். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அப்படி ஒரு பெண் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் வீட்டு வேலைக்குப் போகும் ஓர் அம்மா.

"என்னக்கா, பஸ் வரலையா?"

"ஒண்ணு வந்துச்சு கண்ணு. நிறைஞ்சு வந்துச்சு. நிக்காமப் போயிடுச்சு."

"நேத்து பத்து நிமிஷம் லேட்டு. சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் பேசினாரு."

"எனக்கும்தான். அந்த வீட்டம்மா, பஸ்ஸையே சாக்கு சொல்றேங்குறாங்க."

"நடந்து போயிடலாமா அக்கா?"

"எங்க நடக்கிறது? ஓரம் பூரா வண்டி நிக்குது. ரோட்டுல இறங்கினா பைக்கு இடிக்குது."

"பேசாம வண்டி ஒண்ணு எடுத்துடலாம்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு. மாசத் தவணையாம்."

கடைசிப் பேச்சைக் கவனிக்க வேண்டும். பஸ் வரவில்லை, அதனால் தவணையில் ஒரு ஸ்கூட்டர் வாங்குகிறார்கள். அவர்கள் மட்டுமா? அந்த நிறுத்தத்தில் நிற்கும் எல்லோர் வீட்டிலும் அதே பேச்சு. சாலையில் வண்டி கூடுகிறது. வண்டி கூடியதால் பஸ் இன்னும் மெதுவாகப் போகிறது. பஸ் மெதுவானதால் இன்னும் சிலர் வண்டி வாங்குகிறார்கள். செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது. பெங்களூருவில் பதிவான வண்டிகள் 2024-இல் ஒரு கோடிக்கும் மேல். அவற்றில் பெரும்பகுதி இரு சக்கர வண்டிகள்.

நெதர்லாந்து நாட்டின் டாம்டாம் என்ற நிறுவனம் உலக நகரங்களின் நெரிசலை அளக்கிறது. 2019-ஆம் ஆண்டுக் கணக்கில் பெங்களூருதான் உலகிலேயே முதலிடம். நல்ல காரியத்துக்கு அல்ல, நெரிசலுக்கு. சாலை காலியாக இருக்கும்போது 30 நிமிடம் ஆகும் பயணம், நெரிசலால் சராசரியாக 51 நிமிடம் ஆயிற்று. 2023-இல் நகரின் நடுப்பகுதியில் 10 கிலோமீட்டர் போக 28 நிமிடம் பிடித்தது. இது வண்டியில் உட்கார்ந்து போகிறவரின் கணக்கு. நிறுத்தத்தில் நின்ற நேரம் இதில் சேராது.

சாலையை அகலப்படுத்தினால் போதாதா?

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி இதுதான். சாலை குறுகலாக இருக்கிறது. அகலப்படுத்து. இன்னும் நெரிசலா? மேலே ஒரு பாலம் கட்டு.

பெங்களூருவில் இதைச் செய்து பார்த்தார்கள். ஓசூர் சாலையில் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் நீளத்துக்கு உயர்மட்டச் சாலை கட்டி 2010-இல் திறந்தார்கள். எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறவர்கள் சுங்கம் கட்டி மேலே பறந்து போகலாம். ஆனால் மேலே பறந்த வண்டி எங்காவது கீழே இறங்க வேண்டும் அல்லவா? சில்க் போர்டு சந்திப்பின் பக்கம் வந்து இறங்கின. அந்தச் சந்திப்பு நெரிசலுக்கு நாடு முழுவதும் பெயர் பெற்றது. அதைப் பற்றி வராத நகைச்சுவை இல்லை. பாலம் நெரிசலைத் தீர்க்கவில்லை. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தியது.

ஏன் இப்படி? சாலை அகலமானதும் முதல் சில மாதங்கள் வேகமாகப் போகலாம். அதைப் பார்த்து, முன்பு பஸ்ஸில் போனவர் வண்டி எடுக்கிறார். சாலை ஓரத்தில் புதுக் கட்டடங்கள் எழுகின்றன. இன்னும் தள்ளி ஒரு புதிய மனைப்பிரிவு வருகிறது. "ஊரிலிருந்து இருபதே நிமிடம்" என்று பலகை வைக்கிறார்கள். அந்த மனையில் குடியேறியவர்களும் இதே சாலைக்குத்தான் வருகிறார்கள். சில ஆண்டுகளில் பழைய நெரிசல் திரும்பிவிடுகிறது. உலகின் பல நகரங்களில் இது நடந்திருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 60 பேர் வேலைக்குப் போக வேண்டும். ஒரு பஸ் போதும். பஸ்ஸின் நீளம் சுமார் 12 மீட்டர். அதே 60 பேர் காரில் போனால்? ஒரு காரில் ஒருவர் அல்லது இருவர்தான் போகிறார்கள். 40 கார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காரின் நீளம் சுமார் 4 மீட்டர். 40 கார்களை இடைவெளியே இல்லாமல் நிறுத்தினாலும் 160 மீட்டர். 12 மீட்டரில் முடிகிற காரியம் 160 மீட்டர் கேட்கிறது. சாலை போதவில்லை என்று சொல்லும்போது, யாருக்குப் போதவில்லை என்று கேட்க வேண்டும்.

சாலையை அகலப்படுத்தும்போது முதலில் வெட்டுப்படுவது நடைபாதை. அடுத்தது மரம். அதற்கடுத்து, மரத்தடியில் கடை போட்டிருந்த பூக்காரர், பழக்காரர், செருப்புத் தைப்பவர். வண்டி இல்லாதவர்கள் எல்லாவற்றையும் விட்டுக் கொடுக்கிறார்கள். வண்டி உள்ளவர்களுக்கு இடம் கிடைக்கிறது.

நடப்பது மலிவானது. ஆனால் ஆபத்தானது. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1 லட்சத்து 68 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் 32 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நடந்து போனவர்கள். எந்த வண்டியையும் ஓட்டாதவர்கள். 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான செய்தியைச் சொன்னது. தடையில்லாத நடைபாதை மக்களின் உரிமை; அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அது அடங்கும் என்றது. நடைபாதை கேட்பது சலுகை கேட்பது அல்ல.

அதே சமயம், நடைபாதை என்ற பெயரில் தெருவோர வியாபாரிகளை விரட்டுவதும் சரியல்ல. 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. ஊருக்கு ஊர் ஒரு விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் குறைந்தது 100-க்கு 40 பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும். எங்கே கடை போடலாம், எங்கே கூடாது என்று அந்தக் குழுவோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். நடைபாதையை அடைப்பது பூக்கூடையா, நிறுத்தி வைத்த காரா என்று ஒரு நாள் காலையில் எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மக்கள் கைகோத்து நின்ற நாள்

2016-இல் கர்நாடக அரசு ஒரு திட்டம் அறிவித்தது. நகரின் நடுவில் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை இரும்பு மேம்பாலம். நீளம் 6.7 கிலோமீட்டர். செலவு 1,791 கோடி ரூபாய். விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் சீக்கிரம் போகலாம் என்றார்கள். 800-க்கும் மேற்பட்ட மரங்களை வெட்ட வேண்டியிருந்தது.

மக்கள் கேள்வி கேட்டார்கள். விமானத்தில் போகிறவர் எத்தனை பேர்? பஸ்ஸில் போகிறவர் எத்தனை பேர்? இந்தப் பணத்தில் எத்தனை பஸ் வாங்கலாம்? எங்களை ஏன் முன்பே கேட்கவில்லை?

2016 அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை. ஆயிரக்கணக்கானவர்கள் அந்தச் சாலையோரம் கைகோத்து நின்றார்கள். முதியவர்கள் வந்தார்கள். குழந்தைகளோடு குடும்பங்கள் வந்தன. 'பேடா' என்று எழுதிய அட்டைகளைப் பிடித்தார்கள். கன்னடத்தில் பேடா என்றால் வேண்டாம். பசுமைத் தீர்ப்பாயத்திலும் வழக்குப் போட்டார்கள். 2017 மார்ச்சில் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

வேண்டாம் என்று சொன்னது பாதி வேலை. எது வேண்டும் என்றும் சிலர் கேட்டார்கள். புறநகர் ரயில் வேண்டும் என்று பல ஆண்டுகள் கேட்டார்கள். 148 கிலோமீட்டர் புறநகர் ரயில் திட்டத்துக்கு 2022 ஜூனில் அடிக்கல் நாட்டினார்கள். வேலை மெதுவாக நடந்தது. பஸ் பயணிகளின் அமைப்பு ஒன்று, பஸ் கட்டணத்தைக் குறை, பஸ்ஸைக் கூட்டு என்று கேட்டது. 2019-இல் வெளிவட்டச் சாலையில் பஸ்ஸுக்கென்று தனித்தடம் ஒதுக்கினார்கள். பஸ்கள் வேகமாகப் போயின. ஆனால் மெட்ரோ ரயில் வேலைக்குப் பள்ளம் தோண்டியபோது அந்தத் தடம் மறைந்தது.

மெட்ரோ ரயில் 2011 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் ஓசூர் சாலை வழியாகப் பொம்மசந்திரா வரைக்கும் வந்துவிட்டது. அதில் போகிறவர் நெரிசலில் சிக்குவதில்லை. ஆனால் 2025 பிப்ரவரியில் கட்டணத்தை உயர்த்தினார்கள். 60 ரூபாயாக இருந்த அதிகபட்சக் கட்டணம் 90 ரூபாய் ஆனது. கார்மென்ட்ஸ் பெண் தினமும் அவ்வளவு கொடுக்க முடியுமா? அவளுக்கு 2023 ஜூன் 11-இல் தொடங்கிய சக்தி திட்டம்தான் கைகொடுத்தது. கர்நாடகப் பெண்கள் அரசின் சாதாரண பஸ்களில் இலவசமாகப் போகலாம் என்றது அந்தத் திட்டம். டிக்கெட் காசு மிச்சமானது பெரிய காரியம். ஆனால் பஸ் வந்தால்தானே ஏற முடியும்?

யார் முடிவு செய்கிறார்கள்?

இந்தக் கதை பெங்களூருவோடு முடிவதில்லை. அங்கிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி ஓசூர் இருக்கிறது. அது 2019-இல் மாநகராட்சி ஆயிற்று. ஊரைச் சுற்றி மனைப்பிரிவுகள் எழுகின்றன. நாட்டின் பல ஊர்களிலும் வயலில் கல் நடுகிறார்கள். பெங்களூரு 1990-களில் இருந்த நிலையில் அந்த ஊர்கள் இன்று இருக்கின்றன. அங்கே இன்னும் நேரம் இருக்கிறது.

ஓர் ஊர் எப்படி வளர வேண்டும் என்று அரசு ஒரு வரைபடம் போடும். அதற்கு முழுமைத் திட்டம் என்று பெயர். வரைபடத்தில் வண்ணங்கள் இருக்கும். பெரும்பாலும் மஞ்சள் என்றால் வீடு. நீலம் என்றால் கடை. ஊதா என்றால் தொழிற்சாலை. பச்சை என்றால் பூங்கா அல்லது விவசாயம். எங்கே சாலை வரும் என்றும் கோடு போட்டிருப்பார்கள். உங்கள் வீட்டின் மேல் அந்தக் கோடு போகலாம். உங்கள் ஊர் ஏரி மஞ்சளாகிவிடலாம். திட்டத்தை முடிவு செய்யும் முன் நகலை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். குறிப்பிட்ட நாட்களுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம்.

2017 நவம்பரில் பெங்களூருவுக்கு 2031 வரைக்குமான திட்டத்தின் நகலை வெளியிட்டார்கள். ஆயிரக்கணக்கில் ஆட்சேபங்கள் வந்தன. 2020-இல் அந்த நகலைத் திரும்பப் பெற்றார்கள். ஊர் என்னவோ வளர்வதை நிறுத்தவில்லை.

இன்னொரு வழி வார்டு குழு. 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இதைச் சொல்கிறது. 3 லட்சம் அல்லது அதற்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்க வேண்டும். கிராமமாக இருந்தால் கிராம சபை இருக்கிறது. கூட்டம் எப்போது என்று விசாரித்துப் போக வேண்டும். போகாதவரின் தெருவைப் பற்றிப் போனவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். பெங்களூருவில் இதிலும் ஒரு குறை. மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. ஐந்து ஆண்டுகள் கடந்தும் தேர்தல் நடக்கவில்லை. 2025-இல் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தார்கள். இத்தனை பெரிய நகரத்தில், தெருவின் குறையைச் சொல்லத் தேர்ந்தெடுத்த உறுப்பினர் இல்லாமல் மக்கள் இருந்தார்கள்.

அப்போது எழுதிய தாள்தான் பேச வேண்டும். மனு எழுதுவது கடினம் அல்ல. என்ன குறை, எந்த இடம், எத்தனை பேருக்குத் துன்பம், என்ன வேண்டும். இவ்வளவு போதும். மனு இப்படி இருக்கலாம்:

அனுப்புபவர்: ______ தெரு மக்கள், ______ வார்டு.

பெறுபவர்: ஆணையர் அவர்கள், ______ மாநகராட்சி.

ஐயா,

எங்கள் தெருவில் சுமார் ______ வீடுகள் உள்ளன. பெரிய சாலைக்குப் போக ஒரே வழிதான் உண்டு. அந்த வழியில் ______ கடை முதல் ______ பள்ளி வரை நடைபாதை இல்லை. குழந்தைகளும் முதியவர்களும் சாலையில் இறங்கி நடக்கிறார்கள். சென்ற மாதம் ______ தேதி ஒருவருக்கு அடிபட்டது. பள்ளி எதிரில் சாலையைக் கடக்கக் கோடும் வேகத்தடையும் இல்லை. காலை 8 மணி முதல் 9 மணி வரை பஸ்கள் நிறைந்து வருவதால் நிறுத்தத்தில் நிற்பதில்லை.

நடைபாதை அமைக்கவும், பள்ளி எதிரில் கோடும் வேகத்தடையும் போடவும் வேண்டுகிறோம். காலையில் கூடுதல் பஸ் விடப் போக்குவரத்துக் கழகத்துக்கும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம்.

தேதி: ______ இப்படிக்கு, (கையொப்பங்கள்)

காலியான இடங்களில் உங்கள் ஊர் விவரங்களை எழுதிப் பாருங்கள். நடக்காததை எழுத வேண்டாம். அடிபட்டவர் இல்லையென்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள். கர்நாடகத்தில் இருப்பவர்கள் மனுவைக் கன்னடத்தில் கொடுப்பது நல்லது. கன்னடம் எழுதத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்கள். அவரும் அதே பள்ளத்தில்தான் விழுகிறார்.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுங்கள். மற்றொன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். முத்திரை இல்லாமல் திரும்ப வேண்டாம். ஒரு மாதம் பொறுங்கள். பதில் இல்லையென்றால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி இன்னொரு தாள் எழுதுங்கள். "இந்தத் தேதியில் நாங்கள் கொடுத்த மனுவின் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.